கெட்டித் தண்ணீர்

பயிற்சிக்காக வந்து இறங்கிய அன்றைக்கே டீகனுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. ஆஸ்திரேலிய உள்நாட்டுச் சிற்றூரான விராபில்லாவில், ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், கோதுமைக் குதிர்களைப் பார்த்தபடி நிற்கிற தகரக்கூரை வீடு. மூன்று அறை, ஒரு குளியலறை, ஒரு சமையலறை. மூன்று அறைக்கும் மூன்று வெவ்வேறு படிப்பு படிக்கிறவர்களைப் போட வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் சமைத்துச் சாப்பிட்டு, புதன்கிழமைதோறும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து படித்தால், நாளைக்கு வேலைக்குப் போன பிறகு ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் காதில் வாங்கிக்கொள்வார்கள் என்பது அவர்கள் எண்ணம்.

ஃப்ரிட்ஜைத் திறந்தால் மூன்று பால் பாட்டில் இருக்கும். மூன்றிலும் பேர் எழுதி ஒட்டியிருக்கும்.

முதல் அறையில் ஹேமிஷ். டாக்டருக்குப் படிக்கிறவன், நான்காம் வருஷம், சிட்னிப் பையன். டீகன் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு வரும்போதே, ரொட்டியை மென்றபடி கேட்டான்.

"நீதான் ஸ்பீச் தெரபியா? எங்க ஸ்கூலுக்கும் ஒரு அக்கா வருவாங்க. 'ஸ'வ ஒழுங்கா சொன்னா ஸ்டிக்கர் குடுப்பாங்க. நீயும் ஸ்டிக்கர் வச்சிருக்கியா?"

இதை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். "பேச்சு மட்டும் இல்ல. விழுங்கறதும் எங்க வேலைதான். சாப்பாடு, தண்ணி சரியான கொழாய்ல போகுதா, நுரையீரலுக்குள்ள போகுதான்னு பாக்கணும்."

"நுரையீரல்னா அது எங்க ஏரியா ஆச்சே!" என்று சிரித்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

இன்னொரு அறையில் ஷனே. நர்ஸிங் கடைசி வருஷம். இதே வட்டாரத்துப் பெண். அவள் அப்பாவின் கோதுமைப் பண்ணை எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்ததால் பயிற்சி முடியும்வரை இங்கே தங்கியிருந்தாள். வார்டில் பாதிப் பேர் அவளுக்குச் சொந்தமாகவோ சிநேகிதமாகவோ இருப்பார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் டீகன் வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் போனில் சொன்னாள்: "ஒரு டாக்டர் பையன் இருக்கான், பெரிய இவன்னு நெனப்பு. அப்புறம் ஒரு நர்ஸ் பொண்ணு. ரொம்ப நல்லவ. ஆனா எதையும் ஆழமா யோசிக்கறவ மாதிரி தெரியல." இதைச் சொல்லும்போது ஷனேயோடு அவள் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம்கூடப் பேசியிருக்கவில்லை.

கிளாரி வந்தது அடுத்த வாரம். எழுபத்தெட்டு வயதுக் கிழவர். முப்பத்தொரு வருஷம் அந்த வட்டாரத்துப் பண்ணைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கியவர். ஸ்ட்ரோக் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு, சொந்த ஊரிலேயே தேறட்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். வலது கை விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆனால் குறும்பு எங்கேயும் போகவில்லை.

"யாரு இது, புது மொகம்?"

"என் பேரு டீகன். நீங்க எப்படி விழுங்கறீங்கன்னு பாக்க வந்திருக்கேன்."

"எழுவத்தெட்டு வருஷமா விழுங்கிட்டுத்தான் இருக்கேன் கண்ணு. இதுக்கெல்லாம் பரீட்சை உண்டுன்னு தெரியாமப் போச்சே."

டீகன் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கோப்பையில் ஒரு மடக்கு. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். அவர் இருமவில்லை. ஆனால் "எப்படி, பாஸா?" என்று கேட்டபோது குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது போலக் களகளத்தது. இன்னொரு மடக்கு கொடுத்துப் பார்த்தாள். மறுபடியும் அதே களகளப்பு. தண்ணீர் தப்பான வழியில் இறங்குகிறது, அதை இருமி வெளியே தள்ளவேண்டும் என்ற உணர்வே தொண்டைக்கு இல்லை. இருமுகிற ஆளைவிட இருமாத ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

டீகனுக்கு வழிகாட்ட வேண்டிய ஃபிலிப்பா மூன்று மணி நேரக் கார் தூரத்தில், டப்போவில் இருந்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை திரையில் வருவாள். டீகன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கரெக்டாப் பிடிச்சிருக்க. எல்லாத்தையும் கெட்டியாக்கிக் குடுக்கச் சொல்லு. எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாம்னா பெரிய ஆஸ்பத்திரில ரெண்டு வாரம் காத்திருக்கணும். அதுவரைக்கும் கெட்டிதான்" என்றாள்.

டீகன் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் தலைக்கு மேலே ஒட்டினாள். தண்ணீரானாலும் டீயானாலும் மாவு போட்டுக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஒட்டிய பிறகு கம்ப்யூட்டரில் தன் பகுதியைத் திறந்து, ஒரு பக்கத்துக்குக் காரணம் எல்லாம் விளக்கி எழுதிவைத்தாள். எழுதியது நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே ஒரு திருப்தி.

அன்று மத்தியானம் கிளாரிக்கு முதல் கெட்டி டீ வந்தது. ஸ்பூனை விட்டால் நேராக நின்றது.

"இது என்ன கண்ணு, சுவத்துல தாள் ஒட்டற பசையா?"

"தேன் மாதிரி இருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்."

"தேனீக்குக் காட்டினா அது கூட்டக் காலி பண்ணிட்டுப் போயிடும்."

ஒரு வாய் வைத்துப் பார்த்தார். தட்டை இடது கையால் தள்ளினார். பிறகு, சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்: "ஒரே ஒரு கப். கறுப்பா, ரெண்டு சர்க்கரை போட்டு. மெதுவாக் குடிக்கறேன். சத்தியமா."

"என்னால முடியாது கிளாரி. உங்க நல்லதுக்குத்தான்."

அவர் சண்டை போடவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று டீகனுக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்து அவள் வார்டுக்குள் நுழைந்தால், நர்ஸுகள் மேஜையிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். "ஏய், கெட்டித் தண்ணி வருது, டீயெல்லாம் ஒளிச்சு வைங்கடி!" எல்லாரும் சிரிப்பார்கள். ஷனேயும் சிரித்தாள். டீகனும் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் எரிந்தது.

நாலைந்து நாளில் கிளாரி வாடத் தொடங்கினார். ஒரு நாளைக்கு அவர் குடித்தது மொத்தமும் ஒரு டம்ளர் தேறாது. ஷனே அதைப் பார்த்தாள். சிறுநீர் பழுப்பாகப் போகிறது, நாக்கு வறண்டு கிடக்கிறது என்று படுக்கையின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் எழுதினாள். ஹேமிஷ் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தான். உடம்பில் தண்ணீர் குறைந்து கிட்னி திணறுகிறது என்று டாக்டர் பாலர்டிடம் சொன்னான். அந்த அம்மாள் டிரிப்ஸ் போடச் சொன்னார். டீகன் திங்கட்கிழமை தன் பகுதியில், 'கெட்டியான பானத்தில் நோயாளிக்கு விருப்பமில்லை, தொடர்ந்து ஊக்குவிக்கவும்' என்று எழுதினாள். டீகன் எழுதியதை மற்ற இருவரும் திறந்து பார்க்கவில்லை. சார்ட்டையும் ரத்த ரிப்போர்ட்டையும் டீகன் பார்க்கவில்லை. மூன்று பேரும் சாயங்காலம் ஒரே அடுப்பில், ஒருத்தர் முடித்த பிறகு ஒருத்தராகச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

இதற்கு இன்னொரு வழி உண்டு என்பது டீகனுக்குத் தெரியும். இரண்டாம் வருஷமே படித்தது. நோயாளியிடம் ஆபத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவது. தெரிந்தேதான் கேட்கிறேன், எனக்கு அதுதான் வேண்டும் என்று அவர் சொன்னால், டாக்டர், நர்ஸ், குடும்பத்தார் எல்லாரும் உட்கார்ந்து பேசி, கையெழுத்துப் போட்டு, அவர் விரும்பியதைக் கொடுப்பது. அதற்கென்று முறை இருக்கிறது. நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் பல்லையும் வாயையும் சுத்தமாக்க வேண்டும். சின்னச் சின்ன மடக்காகக் கொடுக்க வேண்டும். ஆனால் அதைத் தொடங்கிவைக்க டாக்டரிடம் போக வேண்டும். டாக்டரிடம் போக ஹேமிஷிடம் கேட்க வேண்டும். அவன் ஸ்டிக்கரைப் பற்றி ஏதாவது சொல்வான். ஷனேயிடம் சொன்னால், "இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்பாள். அவ்வளவு பெரிய தாளை ஒட்டிவிட்டு, இப்போது அதை நானே கிழிப்பதா? நான் வெறும் மாணவிதானே என்று நினைத்துக்கொண்டாள். ஃபிலிப்பாவிடம் அடுத்த தடவை கேட்கலாம். அடுத்த தடவை வந்தபோது வேறு மூன்று நோயாளிகளைப் பற்றிப் பேசவே நேரம் சரியாகப் போய்விட்டது.

புதன்கிழமை வகுப்பு நூலக அறையில் நடக்கும். நடத்துகிறவள் மாரீன். முன்பு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் செய்த லாமிங்டன் கேக் ஒரு டப்பா கொண்டுவருவாள். அன்றைக்கும் பல்கலைக்கழகம் அனுப்பிய தாளை ஆளுக்கொன்று கொடுத்தாள். திருமதி கிரீன் என்கிற கற்பனை நோயாளி, வயது எழுபது, இடுப்பு எலும்பு முறிவு. உங்கள் துறை என்ன செய்யும், மற்றவர் துறையிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கட்டம் கட்டமாக இருந்தது.

"திருமதி கிரீனுக்குப் போன வருஷமும் இதே இடுப்புதான் ஒடஞ்சுதாம். சீனியர்ஸ் சொன்னாங்க" என்றான் ஹேமிஷ். "பாவம், தேறவே மாட்டேங்கறாங்க."

மாரீனும் சேர்ந்து சிரித்தாள். "எனக்கு மட்டும் இதுல என்ன ஆசையா? எழுதி அனுப்பலேன்னா உங்களுக்கு வருகைப் பதிவு கெடையாது."

ஷனே தாளைத் தொடவில்லை. "மாரீன், காயிதத்துல இருக்கறவங்கள விட்டுட்டு கிளாரியப் பத்திப் பேசலாமா? நாங்க மூணு பேருமே அவரப் பாக்கறோம். அவரு ஒண்ணுமே குடிக்கறதில்ல. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

மாரீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தாராளமா. மூணு பேருக்கும் சம்மதம்னா இன்னிக்கு அதையே பேசுவோம்."

ஷனே டீகனைப் பார்த்தாள். இந்த இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தாளைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள், நான் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கப்போகிறேன் என்றுதான் டீகனுக்குத் தோன்றியது. வாய் தானாகச் சொன்னது:

"மொதல்ல இத முடிச்சிடலாமே. அனுப்பணும்ல. நேரமிருந்தா அப்புறம் பேசலாம்."

"ஆமா ஆமா, ரெண்டு மணிக்கு எனக்கு ஓ.பி. இருக்கு" என்றான் ஹேமிஷ்.

நேரம் இருக்கவில்லை. திருமதி கிரீனுக்கு நாலு பேரும் சேர்ந்து நல்லபடியாக வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வார்டில் விட்டுவந்த நோட்டை எடுக்க டீகன் போனாள். கிளாரியின் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டதால் நின்றாள்.

ஜன்னலோரம் நாற்காலியில் அவர் சாய்ந்திருந்தார். ஷனே பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பீங்கான் கப்பை அவர் வாயருகே பிடித்திருந்தாள். கறுப்புத் தேநீரின் வாசனை வாசல்வரை வந்தது.

"ஒங்கப்பன் ஒன்ன பஸ் ஏத்தப் பண்ணை வாசலுக்குக் கொண்டாந்து விடறப்ப ஒரு நாளாவது ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்டிருப்பானா? நான்தான் எறங்கி வந்து கட்டிவிடுவேன்."

"பொய்யி. நானே கட்டிப்பேன்."

"நீயா? நீ வலது கால் ஷூவ எடது கால்ல போட்டுட்டு வந்து நிப்ப."

ஷனே சிரித்துக்கொண்டே கப்பைச் சாய்த்தாள். அவர் ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இழுத்துக்கொண்டிருந்த வாய்கூட அந்த ஒரு நிமிஷம் சரியாகிவிட்டது போல இருந்தது.

டீகன் இருமலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வராதது நல்லதல்ல என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். உள்ளே போக வேண்டும் என்று கால் ஒரு அடி வைத்தது. போனால் என்ன ஆகும்? கப்பைப் பிடுங்க வேண்டும். மேலே சொல்ல வேண்டும். ஷனேயின் பயிற்சி போய்விடும். வார்டு முழுக்கத் தன்னைத் திட்டும். இதெல்லாம் காரணம்தான். ஆனால் எல்லாவற்றையும்விட, அந்த முகத்திலிருந்து கப்பை எடுக்க அவளுக்குத் தெம்பில்லை. நாளைக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி நடந்தாள். எடுக்கப் போன நோட்டை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் ஷனேயைத் தனியாகக் கூப்பிடவில்லை. இரண்டு தடவை சமையலறையில் எதிரும் புதிருமாக நின்றார்கள். இரண்டு தடவையும் டீகன் ரொட்டி வாட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிளாரியைப் பார்க்கப் போனபோது அவர் கண்ணடித்து, "இன்னிக்கு நல்லா இருக்கேன் கண்ணு" என்றார். குரல் களகளத்தது. 'மாற்றமில்லை' என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் காய்ச்சல் வந்துவிட்டது. ஊழியர்கள் சாப்பிடும் அறைக்குள் ஹேமிஷ் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டபடி வேகமாக வந்தான்.

"கிளாரிக்கு வலது பக்கம், கீழ, கரகரன்னு கேக்குது. நிமோனியா. டாக்டருக்கு முன்னாடியே நான் கண்டுபிடிச்சிட்டேன்." ஒரு கணம் முகத்தில் பெருமை. அடுத்த கணம் அது வடிந்துவிட்டது. "ஆமா, அவரு எல்லாம் கெட்டியாத்தானே குடிக்கறாரு? அப்புறம் எப்படி உள்ள போச்சு?"

ஷனே கையில் தட்டோடு நின்றிருந்தாள். முகம் வெளுத்துப்போனது. டீகன் தரையைப் பார்த்தாள்.

ஊசி மருந்து ஏற்றினார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். விமானத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று டாக்டர் பாலர்டு கேட்டபோது, கிளாரி தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். மெஷினெல்லாம் வேண்டாம், எங்கேயும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று போன வருஷமே எழுதிக்கொடுத்திருந்தாராம். மகள் கிளெனிஸ் டார்வினிலிருந்து விமானம் மாறி மாறி வியாழக்கிழமை வந்து சேர்ந்தாள். அவளோடு பேசிவிட்டு டாக்டர் வார்டில் சொன்னார்: "இனிமே அவருக்குக் கஷ்டமில்லாமப் பாத்துக்கறது ஒண்ணுதான். என்ன கேட்டாலும் குடுங்க. டீ கேட்டாலும் சரி."

அவர் எதையும் கேட்கவில்லை. கண் திறப்பதே அபூர்வமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் ஷனே. "சனி, ஞாயிறு, திங்கள். மூணு நாளும் ஒவ்வொரு கப். அவரு காஞ்சு போயிட்டிருந்தாரு. நான் எழுதினத யாரும் பாக்கல. புதன்கிழமை சொல்லப் பாத்தேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்சத செஞ்சேன்."

"இப்ப டாக்டரே குடுக்கலாம்னு சொல்றாங்க. இத போன வாரம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்" என்றான் ஹேமிஷ், மேஜையைச் சுரண்டியபடி. "சிட்னில ஒரு வார்டுல பாத்தேன். ஆபத்த சொல்லி, அவங்க சம்மதம் வாங்கி, அதுக்குன்னு ஒரு மொறையோட குடுப்பாங்க. நிமோனியா வராதுன்னு இல்ல. ஆனா கொஞ்சம் கொறையும். எதுவானாலும் அவரு தெரிஞ்சு எடுத்த முடிவா இருக்கும். ஸ்பீச்காரங்கதான் அத ஆரம்பிச்சு வைப்பாங்க." சொல்லி முடித்த பிறகுதான் டீகனைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் டீகன்.

"என்ன தெரியும்?" என்றாள் ஷனே.

"அப்படி ஒரு வழி இருக்குன்னு. ரெண்டாம் வருஷமே படிச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது, "யாரும் என்னைக் கேக்கல."

ஷனே எழுந்து போய்விட்டாள். ஹேமிஷ் எழுந்தபடி, "எனக்கு அவரோட ரத்த ரிப்போர்ட் தெரியும் டீகன். ஏன் குடிக்கலேன்னு நானும் போய்க் கேக்கல" என்று சொல்லிவிட்டு அவனும் போனான்.

வெள்ளிக்கிழமை காலை டீகன் அறைக்குள் போனபோது கிளெனிஸ் அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வாயெல்லாம் காஞ்சு கெடக்கும்மா. ஏதாவது செய்யலாமா?"

டீகன் கறுப்பாக ஒரு டீ போட்டு, இரண்டு சர்க்கரை கலந்து ஆறவைத்துக் கொண்டுவந்தாள். குச்சியின் நுனியில் இருக்கும் குட்டி ஸ்பான்ஜை அதில் தோய்த்து, அவர் உதட்டில் ஒற்றினாள். நாக்கில் ஒற்றினாள். நாக்கு அசையவில்லை. டீ வாயோரமாக வழிந்து தாடைக்கு இறங்கியது. துடைத்தாள். மறுபடி ஒற்றினாள்.

"அப்பாவுக்கு டீன்னா உசுரு" என்றாள் கிளெனிஸ். "தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள் டீகன்.

பதினோரு மணிக்குக் கிளாரி போய்விட்டார்.

டாக்டர் பாலர்டு தாழ்வாரத்தில் மூன்று பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "டீயால வந்துச்சா, அவரு எச்சிலே உள்ள போய் வந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஸ்ட்ரோக் வந்து படுத்தவங்களுக்கு எப்படியும் வரக்கூடியதுதான்." ஆறுதலாகத்தான் சொன்னார். உங்களால்தான் வந்தது என்றோ, உங்களால் இல்லை என்றோ ஒரு முடிவாகச் சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ள எதுவாவது இருந்திருக்கும்.

ஷனே தானாகவே ஹெட் நர்ஸ் நோயலீனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அன்றைக்கே பயிற்சியை நிறுத்தினார்கள். விசாரணை முடிந்து, அடுத்த வருஷம் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

திரையில் ஃபிலிப்பா டீகனைத் தேற்றினாள். "உன் பக்கம் தப்பே இல்ல. தாள் ஒட்டியிருக்க, குறிப்பு எழுதியிருக்க. உன்மேல எதுவும் வராது. மனசுக்குக் கஷ்டமா இருந்தா ஐநூறு வார்த்தைல எழுதி அனுப்பு. அதுக்கும் மார்க் உண்டு."

"ஃபிலிப்பா, ஞாயித்துக்கிழமை நான்…"

"வியாழக்கிழமை விரிவாப் பேசலாமா? அடுத்த பொண்ணு காத்திட்டிருக்கா."

டீகன் நோயலீனிடம் போனாள். "நானும் பாத்தேன். ஷனே டீ குடுக்கறத நான் வாசல்ல நின்னு பாத்தேன். ஒண்ணும் சொல்லல."

நோயலீன் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். முப்பது வருஷம் வார்டில் நின்ற களைப்பு முகத்தில் இருந்தது. "ரிப்போர்ட் போயாச்சும்மா. நீ இப்ப இதச் சொன்னா ஷனேக்கு ஒண்ணும் மாறப்போறதில்ல. உனக்குத்தான் மாறும். அது வேணுமா உனக்கு?"

"வேணும்."

"சரி, எழுதிக்கறேன்." ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாள். அதைப் பற்றி அதன் பிறகு யாரும் டீகனிடம் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்தால், வீட்டு வாசலில் ஷனே தன் அப்பாவின் பிக்கப் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். தகரக்கூரை மேல் சாம்பல் கிளிகள் கத்தின. டீகன் ஒரு பெட்டியைத் தூக்கப் போனாள். "விடு, நான் எடுத்துக்கறேன்" என்றாள் ஷனே.

"நோயலீன்கிட்ட சொல்லிட்டேன். நானும் பாத்தேன்னு."

"என்ன பாத்த?"

"ஞாயித்துக்கிழமை. நீ அவருக்கு டீ குடுத்தத. வாசல்ல நின்னேன்."

ஷனே பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். இது அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் டீகனுக்கு உறைத்தது.

"வாசல்லயா?" என்றாள். "ஞாயித்துக்கிழமை அவரு நல்லா இருந்தாரு டீகன். நான் அவர சாய்ச்சு உக்கார வச்சிருந்தேன். சாய்ச்சு உக்கார வச்சா தப்புன்னு எனக்கு யாரு சொன்னா? வாயக் கழுவணும்னு யாரு சொன்னா? நீ உள்ள வந்து திட்டியிருக்கலாம். கப்பப் புடுங்கியிருக்கலாம். 'ஏய் கழுத, நிமித்தி உக்கார வை, கொஞ்சமாக் குடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, திங்கக்கிழமை நான் அப்படிக் குடுத்திருக்க மாட்டேன்ல?"

உன் படிப்பு போய்விடக்கூடாதே என்றுதான், என்று டீகன் சொன்னால் அது பாதி உண்மை. அவர் முகத்தைப் பார்த்து மனசு வரவில்லை என்று சொன்னால் அதுவும் பாதி. எதைச் சொன்னாலும் ஷனேயின் வண்டியில் ஏறியிருந்த பெட்டிகள் இறங்கப்போவதில்லை.

ஷனே கடைசிப் பெட்டியை ஏற்றி, கயிறு போட்டுக் கட்டினாள். ஏறி உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று டீகன் இரண்டடி முன்னால் போனாள். ஷனே கையை வெளியே நீட்டி, பின்னால் வருவதைப் பார்க்கிற பக்கக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பிப் போனாள். விதைப்பு நடந்துகொண்டிருந்த காலம். ஊரைத் தாண்டியதும் செம்மண் புழுதி வண்டியை மூடிக்கொண்டது.

இன்னும் மூன்று வாரம் பயிற்சி மிச்சமிருந்தது. திங்கட்கிழமை கிளாரியின் அறைக்கு வேறொருவர் வந்தார். ஆட்டுப்பண்ணைக்கார அம்மாள், அவருக்கும் ஸ்ட்ரோக். டீகன் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். குரல் களகளத்தது. அவள் தாளை ஒட்டவில்லை. குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நர்ஸுகள் மேஜைக்கு வந்தாள். பணியில் இருந்த நர்ஸ் வெளியூரிலிருந்து ஒரு வாரத்துக்கு வந்தவள். ஒரு காதில் போன், இரண்டு கையிலும் மருந்துத் தட்டு.

"மூணாம் ரூம் அம்மாவப் பத்தி உங்ககிட்ட நேர்ல பேசணும். டாக்டரையும் கூப்பிடணும். அஞ்சு நிமிஷம் போதும்."

"கம்ப்யூட்டர்ல போட்டுடு செல்லம். அப்புறமா பாத்துக்கறேன்."

"இல்ல, நேர்லயே சொல்லிடறேன்."

"இப்ப முடியாதும்மா, பாக்கற இல்ல?"

நர்ஸ் பொய் சொல்லவில்லை. மூன்று படுக்கையிலிருந்து மணி அடித்துக்கொண்டிருந்தது. முதல் மணியை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். டீகன் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.